ஐந்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பள்ளி?

ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்னும் கேள்வி, ஆண்டுதோறும் சித்திரை, வைகாசி மாதங்களில் நம் அங்கத்தினர் பலருடைய வீடுகளில் எழுகின்றது. உள்ளூரில் எட்டாம் வகுப்புவரை உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலேயே தொடரவிடுவதா, பஸ் ஏற்றி ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்புவதா, பக்கத்து ஊரில் நெடுங்காலமாக நடந்துவரும் உதவி பெறும் பள்ளியில் சேர்ப்பதா என்று மூன்று வழிகள் கண்முன் நிற்கின்றன. சங்கத்தில் நூல் வாங்குவதானால் நம்பர் என்ன, எடை சரியா, சாயம் நிற்குமா என்று பத்துக் கேள்விகள் கேட்டே வாங்குகிறோம். விதை மஞ்சள் வாங்கும் விவசாயியும் கிழங்கை ஒடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. பிள்ளையின் பள்ளியைத் தெரிந்தெடுக்கும் விஷயத்தில் மட்டும், பக்கத்து வீட்டுப் பையன் அங்கே போகிறான் என்பதே போதிய காரணமாகி விடுகின்றது.

ஓர் ஒன்றியத்தின் எல்லைக்குள் அரசாங்கச் செலவில் நடைபெறும் பள்ளிகளை, 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளைப் பொறுத்தமட்டில் எவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளின் கணக்கு வேறு. அதனை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மூன்று வகுப்புகளைத் தனியே பிரித்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்புவரை பிள்ளையின் கை தொழிலுக்கு அவ்வளவாகப் பயன்படாது. பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் தார் சுற்றவும், பாவு ஓட்டும்போது உடன் நிற்கவும், களை எடுக்கவும், ஆடுமாடு பார்க்கவும் அக்கை உதவத் தொடங்குகின்றது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர்களே உட்கார்ந்திருந்தனர். பள்ளிக்கூடத்தில் பயனில்லை என்று பெற்றோருக்குத் தோன்றும் நாளில் தறி அழைக்கிறது, வயல் அழைக்கிறது. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் எல்லாத் தொழிலிலும் தடை செய்துள்ளது. ஆயினும் சட்டத்தைக் காட்டிப் பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கலாமே யொழிய, படிக்க வைக்க இயலாது. அது பள்ளியின் தரத்தைப் பொறுத்தது.

நெசவாளர் குடும்பங்களுக்கு இதில் ஒரு பழைய வரலாறும் உண்டு. 1953-ஆம் ஆண்டில் ராஜாஜியின் மந்திரிசபை, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம் என்றும், எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றும் ஒரு மாற்றுத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் இரு பிரிவாக மாணவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அரசாங்கத்தின் வாதம். தகப்பன் தொழிலுக்கே மகனைக் கட்டிப்போடும் திட்டம் இது என்று எதிர்த்தவர்கள் கூறினர். காமராஜர் முதலமைச்சரான பின்னர் 1954-ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிப்பதில் குற்றமில்லை. அரை நாள் பாடத்தை அதற்கு விலையாகக் கொடுக்க நம் மக்கள் அன்றைக்கே சம்மதிக்கவில்லை. இன்று முழுநாள் பள்ளி இருக்கிறது. அந்த முழு நாளில் ஆறாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே நம் வேலை.

மதிப்பெண் பட்டியல் கிடையாது

உயர்நிலைப் பள்ளிகளையும் மேல்நிலைப் பள்ளிகளையும் ஒப்பிடுவது எளிது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. நூற்றுக்கு எத்தனை பேர் தேறினர் என்பது ஊரெங்கும் தெரிந்துவிடுகிறது. நடுநிலைப் பள்ளிக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. முற்காலத்தில் எட்டாம் வகுப்பின் முடிவில் ஈ.எஸ்.எல்.சி. என்னும் தேர்வு நடந்தது. 2019-ஆம் ஆண்டில் 5-ஆம் வகுப்புக்கும் 8-ஆம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு நடத்தப் போவதாகத் தமிழக அரசு அறிவித்து, எதிர்ப்பு வலுத்தபின் 2020 பிப்ரவரியில் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத் தேர்வு என்பது வேண்டாத சுமை. அதைக் கைவிட்டது நன்றே.

ஆனால் அதனால் ஒரு மயக்கம் உண்டாகிறது. மேல்நிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவைப் பார்த்து, ஆறாம் வகுப்பும் அங்கே நன்றாகத்தான் இருக்கும் என்று பெற்றோர் முடிவு செய்துவிடுகின்றனர். இது விளைச்சலைப் பார்த்து நாற்றங்காலை மதிப்பிடுவது போன்றது. ஊர்ப் பெயர் தேர்வு முடிவில் நிற்பதால், பெரிய பள்ளிகளில் தேர்ந்த ஆசிரியர்களும், தலைமையாசிரியரின் கவலையும், மாலை நேர வகுப்புகளும் 10, 12 வகுப்புகளின் பக்கமே சாய்வது இயல்பு. ஆறாம் வகுப்பின் ஒரு பிரிவில் ஐம்பது, அறுபது பேர் உட்கார்ந்திருக்கலாம். கணக்கு ஆசிரியர் பொதுத் தேர்வு வகுப்புக்குப் போய்விட்ட நேரத்தில் அவர்களை வேறொருவர் அமைதியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டிருக்கலாம். எல்லாப் பள்ளியிலும் இப்படி என்பதன்று. இப்படி இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும் என்பதே கருத்து.

நாடளாவிய அளவாய்வுகளும் இவ்விஷயத்தில் நமக்கு அதிகம் உதவா. 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவாய்வு மாவட்ட அளவில் நிலைமையைக் காட்டியதே தவிர, இன்ன ஊர்ப் பள்ளி இப்படி என்று காட்டவில்லை. 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாநிலத் திட்டக் குழுவின் சார்பில் 3, 5, 8 வகுப்புகளில் நடத்தப்பட்ட ஆய்வைப் பற்றித் தலைமையாசிரியரிடம் விசாரிக்கலாம்.

ஆசிரியர் கணக்கு

ஒப்பீட்டில் முதலாவதாகப் பார்க்க வேண்டியது கட்டடமும் அன்று, கம்ப்யூட்டரும் அன்று. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஒரு குறைந்த அளவை விதித்திருக்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். அவர்களுள் ஒருவர் அறிவியல், கணக்கு ஆகியவற்றுக்கும், ஒருவர் சமூக அறிவியலுக்கும், ஒருவர் மொழிக்கும் உரியவராக இருக்க வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விகிதம். 100 பிள்ளைகளுக்கு மேலிருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் ஒருவரும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநரும் வேண்டும். ஆண்டில் 220 வேலை நாட்களும் 1,000 மணி நேரப் பாடமும் நடைபெற வேண்டும்.

இவ்விதியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பள்ளியைப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, 6-ஆம் வகுப்பில் 14 பேர், 7-இல் 11 பேர், 8-இல் 9 பேர், ஆக 34 பேர் படிக்கும் ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியை எண்ணிக்கொள்வோம். விகிதத்தை மட்டும் பார்த்தால் ஓர் ஆசிரியர் போதும் என்று தோன்றும். வகுப்புக்கு ஒருவர், பாடப் பிரிவுக்கு ஒருவர் என்னும் விதியைப் பார்த்தால் மூவர் வேண்டும். மூவரும் இருந்தால், 9 பேர் கொண்ட எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தையும் ஆசிரியர் அன்றாடம் பார்க்க இயலும். எந்த நகரத்துப் பள்ளியிலும் அந்த வசதி கிட்டாது. கணக்குக்கும் அறிவியலுக்கும் உரிய பட்டதாரி ஆசிரியரின் இடம் ஓராண்டு காலியாகக் கிடந்தாலோ, அதே 9 பேரும் வகுத்தலோடு நின்றுவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போவார்கள். ஆகவே, கிராமத்துச் சிறு பள்ளி நல்லதா, நகரத்துப் பெரிய பள்ளி நல்லதா என்று பொதுவாகக் கேட்பது வீண். அந்த ஆண்டில் அந்த மூன்று ஆசிரியர்களும் இருக்கிறார்களா என்பதே கேள்வி.

இதனை அறிவது கடினமன்று. நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் என்னும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். அவ்வெண்ணைக் கொண்டு வகுப்புவாரி மாணவர் தொகை, ஆசிரியர் தொகை, கழிப்பறை, குடிநீர் முதலிய விவரங்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். சங்க அலுவலகத்துக் கணினியில் ஒன்றியத்துப் பள்ளிகள் அனைத்தின் விவரத்தையும் ஒரே நாளில் எடுத்து ஒரு தாளில் எழுதிவிடலாம். ஆனால் அத்தாளில் ஆசிரியரின் பெயருக்கு நேரே எண் இருக்குமே தவிர, அவர் மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்குச் சென்றிருப்பது புலப்படாது. நேரில் போய்ப் பார்ப்பதும் வேண்டும்.

இங்கே அங்கத்தினர் பலர் அறியாத ஒரு விஷயத்தைக் கூறவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1-ஆம் தேதி உள்ள மாணவர் தொகையை வைத்தே அப்பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பது நிர்ணயிக்கப்படுகின்றது. தொகை குறைந்தால் ஆசிரியர் உபரி எனக் கணக்கிடப்பட்டு, பணி நிரவல் என்னும் முறையில் வேறு பள்ளிக்கு மாற்றப்படலாம். ஆசிரியர் போதவில்லை என்று நாம் ஐந்து பிள்ளைகளை நகரத்துக்கு மாற்றினால், இருந்த ஆசிரியரும் அடுத்த ஆண்டு போய்விடக் கூடும். அதைக் கண்டு மேலும் ஐந்து பேர் போவார்கள். எஞ்சி நிற்பவர்கள் பஸ்ஸுக்கும் வழியில்லாத கூலி நெசவாளர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள். சங்கத்தில் பெரிய அங்கத்தினர் வெளியே விற்கத் தொடங்கினால் சிறியவர் கதி என்னாகும் என்பது நமக்குப் புதிதன்று.

பிள்ளைக்கு என்ன தெரிகிறது

ஆசிரியர் இருக்கிறார் என்பதனால் பிள்ளை கற்கிறது என்று ஆகிவிடாது. இதனை நேரே சோதிக்க ஒரு வழி உண்டு. 2005-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் கிராமங்களில் எடுக்கப்பட்டுவரும் அசர் என்னும் கல்வி ஆய்வில், பிள்ளையின் வீட்டிற்கே சென்று, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு பகுதியைப் படிக்கச் சொல்கிறார்கள். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். அவ்வளவு எளிய கணக்கையும் 2024-ஆம் ஆண்டில் நாட்டின் கிராமப்புறத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 46 பேரே செய்தனர். எட்டாண்டுகள் பள்ளிக்குச் சென்றபின் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வகுத்தல் வரவில்லை என்பது நெஞ்சைச் சுடும் செய்தி.

நம் சங்கங்கள் இதைவிடப் பொருத்தமான கேள்விகளைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையிடம் இவ்வாறு கேட்டுப் பாருங்கள்: 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம், சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம். அரைப் பவுண்டு நூலின் நீளம் எத்தனை கெஜம்? 16,800 என்று விடை வரவேண்டும். விவசாயி வீட்டுப் பிள்ளையாயின், ஏக்கருக்கு 50 கிலோ உரம் என்றால் 1 ஏக்கர் 35 சென்ட் நிலத்துக்கு எவ்வளவு என்று கேட்கலாம். ஏக்கருக்கு 100 சென்ட் என்பது தெரிந்த பிள்ளை 67½ கிலோ என்று சொல்லிவிடும். ரூ. 12,000-க்கு நூற்றுக்கு 7 வீதம் 10 மாதத்துக்கு வட்டி ரூ. 700 என்பதும் அந்த வகுப்புக்குரிய கணக்கே. இவை எல்லாம் விகிதம், சதவீதம், தனிவட்டி என்று 7, 8 வகுப்புப் புத்தகங்களில் உள்ளவை. பிறகு சங்கத்தின் பொதுக்குழு அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, உரக்கப் படித்து, கூட்டம் எந்த நாள், என்ன பொருள் என்று சொல்லச் சொல்லலாம்.

ஒரு பள்ளியில் ஐந்து பிள்ளைகள், இன்னொரு பள்ளியில் ஐந்து பிள்ளைகள் என்று கேட்டாலே எங்கே பாடம் நடக்கிறது என்பது புலனாகிவிடும். இதைப் பரீட்சை போல மிரட்டிச் செய்யலாகாது. ஆசிரியரைக் குற்றம் சாட்டுவதற்கான ஆயுதமாகவும் ஆக்கலாகாது. கொரோனா நோயினால் 2020-இலும் 2021-இலும் பள்ளிகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தபோது கீழ்வகுப்பில் விட்டுப்போனதைப் பல பிள்ளைகள் மேல் வகுப்புகளில் சுமந்து சென்றார்கள். அந்தக் குறையை ஈடு செய்யவே 2021 இறுதியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டது. மேல் வகுப்புகளில் பின்தங்கியவர்க்கென 2025-இல் திறன் என்னும் திட்டமும் வந்தது. அத்திட்டத்தின்படி பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கப்படுகிறதா என்பது ஒப்பீட்டில் கேட்கத்தக்க கேள்வி.

ஆறாம் வகுப்பில் எழுதப்படும் விதி

பள்ளியின் வகையைப் பொறுத்துப் பின்னாளில் கிட்டும் உரிமைகள் மாறுபடுகின்றன. இதனைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்பவர் குறைவு. பதினொரு வயதில் கையெழுத்திடும் சேர்க்கைப் படிவம், பதினெட்டு வயதில் கல்லூரி வாயிலில் எதிரே வந்து நிற்கிறது.

2020-ஆம் ஆண்டில் தமிழ்நாடு இயற்றிய சட்டம், மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 7.5 பங்கினை அரசுப் பள்ளி மாணவர்க்கு ஒதுக்கியது. 2021-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அதனை விரித்தது. இங்கே அரசுப் பள்ளி மாணவர் என்பதற்கு, பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் அரசுப் பள்ளியில் முடித்தவர் என்று பொருளன்று. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றே பொருள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இதில் அடங்கும். உதவி பெறும் பள்ளி அடங்காது. ஆகவே, 6, 7, 8 வகுப்புகளை உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் முடித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளை, அங்கே எத்தனை நன்றாகப் படித்தாலும் இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்க நேரும். உதவி பெறும் பள்ளிகளுள் பல, நூறாண்டுப் புகழும் நல்ல ஆசிரியர்களும் உடையவை. அங்கே சேர்ப்பது தவறென்று சொல்ல வரவில்லை. தெரிந்து சேர்க்க வேண்டும் என்பதே சொல்ல வந்தது.

கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அதற்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்னும் நிபந்தனையே இருந்தது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்க்கும் அது விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோதே இவ்விரு வகையினரையும் சேர்த்துக்கொண்டது.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பதும் இந்தக் கணக்கில் வருகிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டபின், அப்பிரிவு இருக்கும் பள்ளியே உயர்ந்தது என்ற எண்ணம் ஊர்களில் பரவியிருக்கிறது. ஆங்கில வழிக்கென்று தனி ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது அதே ஆசிரியர் அதே அறையில் இரண்டு புத்தகங்களையும் வைத்துக்கொண்டு நடத்துகிறாரா என்று கேளுங்கள். பின்னது என்றால் பலகையில் மட்டுமே ஆங்கிலம் இருக்கிறது. மேலும், மாநில அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 பங்கு தமிழ் வழியில் பயின்றோர்க்கு முன்னுரிமையாக உள்ளது. 2010-ஆம் ஆண்டின் அச்சட்டத்தை 2020-இல் திருத்தி, பள்ளிப் படிப்பின் தொடக்கம் முதலே தமிழ் வழியில் பயின்றிருக்க வேண்டும் என்று ஆக்கினர். ஆறாம் வகுப்பில் வழி மாறும் பிள்ளை அந்த 20 பங்கை விட்டு விலகுகிறது.

எட்டாம் வகுப்புக்கே உரிய ஓர் உதவியும் உண்டு. தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு என்று அதற்குப் பெயர். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது எழுத வேண்டும். தேறியவர்க்கு 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ. 12,000 வீதம் கிடைக்கும். பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ. 3,50,000-க்கு மேற்படலாகாது. அரசு, ஊராட்சி ஒன்றிய, உதவி பெறும் பள்ளிகள் மூன்றுக்கும் இது பொது. நான்காண்டில் ரூ. 48,000 என்பது ஒரு நெசவாளர் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் இதுவே ஓரளவு கிட்டக்கூடியது: சென்ற மூன்றாண்டுகளில் இப்பள்ளியிலிருந்து எத்தனை பேர் இத்தேர்வை எழுதினர், எத்தனை பேர் தேறினர்? ஒருவரும் எழுதவில்லை என்றால், ஏன் என்று கேட்க வேண்டும். மனத்திறன் கேள்விகளுக்குப் பழக்கம் வேண்டும். வாரம் இரு மாலை பயிற்சி அளிக்கும் ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளியில், சிற்றூரேயாயினும், பிள்ளைகள் தேறுகிறார்கள்.

வயிறும் உடையும் வழியும்

மதிய உணவு 1956-இல் ஆரம்பப் பள்ளிகளில் தொடங்கி, 1982-இல் சத்துணவாக விரிந்து, 1984-இல் 10 முதல் 15 வயதுவரை உள்ள மாணவரையும் எட்டியது. ஆகவே இதில் பள்ளிக்குப் பள்ளி பெரிய வேறுபாடில்லை. காலை உணவில் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோதும் 5-ஆம் வகுப்போடு நின்றது. ஒரே நடுநிலைப் பள்ளியில் தங்கை உப்புமா உண்ண, ஆறாம் வகுப்பு அண்ணன் வெளியே நிற்கும் காட்சி இதனால் ஏற்பட்டது. காலை ஏழரை மணி பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளை வீட்டில் உண்டு போகிறதா என்பதைத் தாய்மார் கவனிக்க வேண்டும்.

சீருடையைப் பற்றி நம் அங்கத்தினர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சத்துணவு உண்ணும் 1 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் நான்கு இணைச் சீருடைக்கான துணி, கைத்தறி, விசைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்யப்படுவது. உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் அந்தச் சீருடை உரிய காலத்தில் வந்ததா என்று கேட்கும் உரிமை நெய்தவனுக்கும் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் 6, 7, 8 வகுப்புகள் அவர்கள் பெரியவர்களாகும் பருவம். கழிப்பறை இருக்கிறது என்று தாளில் எழுதியிருந்தால் போதாது. தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, சாவி ஆசிரியர் அறையில் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பூப்பெய்திய பெண்ணை மாதத்தில் சில நாள் வீட்டில் நிறுத்துவதும், பிறகு தார் சுற்ற உட்கார வைப்பதும் இந்தத் தாழ்ப்பாளிலிருந்தே சில வீடுகளில் தொடங்குகின்றன. தொலைவும் இவ்விதமே. தமிழ்நாட்டு விதிகளின்படி 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கான பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இலவசப் பஸ் பாஸ் இருந்தாலும், மாலை பஸ் ஐந்தே காலுக்கா ஆறரைக்கா என்பது பெண்ணைப் பெற்றவர்க்குப் பெரிய விஷயம்.

தொழிற்கல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-ஆம் ஆண்டில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேரப் பயிற்றுநர்கள் தமிழ்நாட்டில் அமர்த்தப்பட்டனர். வாரத்தில் மூன்று அரை நாள் பணி. நூறு பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்கு இவ்வசதி பெரும்பாலும் எட்டுவதில்லை. இவ்விடத்தில் சங்கமே ஒரு மூத்த நெசவாளரை மாதம் ஒரு நாள் பள்ளிக்கு அனுப்பி, சிட்டக் கணக்கையும் பாவுக் கணக்கையும் கற்பிக்கச் செய்யலாம். தலைமையாசிரியர்கள் இதனை மறுப்பதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

எட்டிலிருந்து ஒன்பதுக்கு

நடுநிலைப் பள்ளியின் உண்மையான குறை அது எட்டோடு முடிவதுதான். மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டும் ஒன்பதும் ஒரே வளாகம். உள்ளூர்ப் பிள்ளைக்கோ மாற்றுச் சான்றிதழ் வாங்கி, புதிய பள்ளி தேடி, புதிய முகங்களிடையே உட்கார வேண்டும். அந்தக் கோடை விடுமுறையில்தான் தறிக்குழியில் இறங்கிய பையன் மீண்டும் ஏறாமல் போகிறான். ஆகவே ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் கேட்க வேண்டிய கேள்விகளுள் தலையாயது இது: சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்தவர் எத்தனை பேர், அவர்களுள் ஒன்பதில் சேர்ந்தவர் எத்தனை பேர், சேராதவர் இப்போது எங்கே? பெயர் பெயராக விடை சொல்லும் தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியில் தயங்காமல் பிள்ளையைச் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். சில தலைமையாசிரியர்கள் தாமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் அடுத்த பள்ளியில் சேர்த்துவிட்டு வருகிறார்கள்.

குறை கண்டால் எங்கே முறையிடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடப் பழுது, சுற்றுச்சுவர் ஆகியவற்றுக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகம். ஆசிரியர் இடம் காலி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். இவற்றுக்கு முன்னதாகப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும், வந்த பணம் செலவான விதத்தைப் பார்ப்பதும் அக்குழுவின் கடமை. சங்கத்தில் வரவு செலவு அறிக்கையை வரி வரியாகக் கேட்டுப் பழகிய அங்கத்தினர், அங்கே மட்டும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் அருந்தி வருவது பொருந்தாது. ஆகஸ்டு 1-க்கு முன் ஆனி மாதத்திலேயே குழு ஒருமுறை கூடி, ஊரில் ஆறாம் வகுப்பு வயதுடைய பிள்ளைகள் அனைவரும் ஏதேனும் ஒரு பள்ளியின் பதிவேட்டில் இருக்கிறார்களா என்று வீடுவீடாகச் சரிபார்த்தால், ஆசிரியர் கணக்கும் அதனோடு சரியாகும்.

எட்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அதே நாளில், 6, 7, 8 வகுப்புகளை அப்பள்ளியில் இன்ன வழியில் படித்ததாகத் தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் கொண்ட தனிச் சான்று ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 7.5 பங்கு ஒதுக்கீட்டுக்கும் தமிழ் வழி முன்னுரிமைக்கும் அது பின்னர்க் கேட்கப்படும். நான்காண்டு கழித்துத் தேடிப் போகும்போது அந்தத் தலைமையாசிரியர் மாறியிருப்பார். சிறு பள்ளியாயின் பள்ளியே வேறொன்றுடன் இணைந்திருக்கவும் கூடும். சங்கத்துப் பாஸ் புத்தகம் இருக்கும் பெட்டியிலேயே அதனையும் வைத்துக்கொள்ளலாம்.